பள்ளத்தில் ஓடும் வண்ணம்

கையளவே உள்ள ஒரு பொருளின்மீது நுண்ணிய கோடும் புள்ளியும் தீட்டும் வேலையில், கையின் பங்கைக் காட்டிலும் பரப்பும் நீர்மமும் தமக்குள் நிகழ்த்திக்கொள்ளும் செயலின் பங்கே பெரிது. தேர்ந்த கலைஞர் அச்செயலுக்கு உரிய நிலைமைகளை முன்கூட்டியே அமைத்துவைக்கிறார். அமைத்தபின் வண்ணம் தானாகவே செல்ல வேண்டிய இடத்துக்குச் செல்கிறது. இவ்வுண்மையை விளக்குவதற்கு விழுப்புரம் மாவட்டத்தை விட்டு வெளியே செல்ல வேண்டிய தேவை அதிகம் இல்லை. பனமலைக் குன்றின்மேல் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலில் சுண்ணப் பூச்சின்மீது வரையப்பட்டு, ஏறக்குறைய 1300 ஆண்டுகளைக் கடந்து நிற்கும் ஓவியம் ஒருவகைப் பரப்பைக் காட்டுகிறது. விழுப்புரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் அண்டை மாவட்டமான கடலூரின் பண்ருட்டியிலும் செய்யப்படும் காகிதக்கூழ், களிமண் பொம்மைகள் இன்னொரு வகையைக் காட்டுகின்றன. செஞ்சிக் கோட்டையை அடுத்த அனந்தபுரம் போன்ற ஊருக்கும் இன்று பெட்டியில் வந்து சேரக்கூடிய, பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்தி உருவாக்கும் ரோபோ மாதிரிகள் மூன்றாவது வகையைக் காட்டுகின்றன. சுவர் வண்ணத்தைத் தன்னுள் கட்டிக்கொள்கிறது, காகிதக்கூழ் அதை உறிஞ்சிக்கொள்கிறது, பிளாஸ்டிக் அதை உள்ளே விடவே மறுக்கிறது. மூன்றும் மூன்று வேறு கலைகள்போலத் தோன்றினாலும் அவற்றை ஆளும் இயற்பியல் ஒன்றே.

இவற்றுள் வயதில் இளையது ரோபோ மாதிரி. 1979இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘மொபைல் சூட் கண்டம்’ என்னும் அசைபடத் தொடரில் வரும் மாபெரும் இயந்திர வீரனைப் பண்டாய் நிறுவனம் 1980 ஜூலையில் 1/144 அளவிலான பிளாஸ்டிக் கிட்டாக 300 யென் விலையில் வெளியிட்டது. கதையில் அந்த வீரனின் உயரம் 18 மீட்டர். எனவே மாதிரியின் உயரம் 125 மில்லிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. தொடக்ககாலக் கிட்டுகளில் உறுப்புகள் பெரும்பாலும் ஒரே நிறத்தில் வார்க்கப்பட்டதால் முழு உருவத்துக்கும் வண்ணம் பூச வேண்டியிருந்தது. பின்னாளில் வெவ்வேறு நிறப் பாலிஸ்டைரீனை ஒரே சட்டத்தில் வார்க்கும் நுட்பம் வளர்ந்து, வெள்ளைக் கைகால்களும் சிவப்புப் பாதமும் நீல மார்பும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அந்தந்த நிறத்தில் கிடைக்கலாயின. அதன்பின் தூரிகைக்கு எஞ்சியவை, வார்ப்பினால் நிறம் பிரிக்க முடியாத அளவுக்குச் சிறிய இடங்கள்: ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள கண்கள், முதுகிலுள்ள உந்துகுழாய்களின் வாய்கள், கவசத் தகடுகள் சந்திக்கும் இடத்தைக் குறிக்கும் மெல்லிய பள்ளக் கோடுகள். தொழிற்சாலை பெரிய வேலையை எடுத்துக்கொண்டபோது, கலைஞரிடம் விடப்பட்டது மிகக் கடினமான சிறிய வேலைதான்.

சிறிய வேலை கடினமாக இருப்பதற்குக் காரணம் அளவு குறையக் குறைய விசைகளின் படிநிலை மாறுவதாகும். நீர்மத்தின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய படலம்போல் சுருங்க முயல்கிறது; இதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். நீர்மத்தின் எடையோ அதைக் கீழே இழுத்துப் பரப்ப முயல்கிறது. பெரிய குளத்தில் எடை வெல்கிறது, சிறு துளியில் பரப்பு இழுவிசை வெல்கிறது. இரண்டும் சமன்படும் எல்லை நீருக்கு ஏறக்குறைய 2.7 மில்லிமீட்டர், எனாமல் வண்ணங்களை நீர்க்கச் செய்யும் டர்பன்டைன் வகைக் கரைப்பான்களுக்கு ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர். ரோபோவின் கண்ணும் பொம்மையின் நெற்றிப்பொட்டும் இவ்வெல்லைக்கு உட்பட்டவை. அங்கே மேல், கீழ் என்ற திசை வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. வண்ணம் சரிவைப் பார்த்து வழிவதில்லை, தான் ஒட்டிக்கொள்ள விரும்பும் பரப்பையும் தன்னை ஏற்கும் மூலையையும் தேடிப் போகிறது.

அந்த விருப்பத்தை அளக்கும் கருவியைத் தாமஸ் யங் 1805இல் வகுத்தார். துளி ஒன்று திடப்பொருளின்மீது அமரும்போது அதன் விளிம்பு அப்பரப்போடு ஏற்படுத்தும் கோணம் சேர்கோணம் எனப்படும். கோணம் சிறிதானால் துளி படர்கிறது, பெரிதானால் முத்தாகத் திரள்கிறது. கழுவித் துடைத்த பாலிஸ்டைரீன்மீது தூய நீரின் சேர்கோணம் ஏறக்குறைய 90 பாகை; எனவே நீரில் கரைத்த வண்ணம் அதன்மேல் தயங்கித் திரண்டு நிற்கிறது. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், பாலிஸ்டைரீனின் பரப்பு ஆற்றலோ அதில் ஏறத்தாழப் பாதிதான். டர்பன்டைன் வகைகளின் பரப்பு இழுவிசை 25, 27 என்ற அளவிலேயே இருப்பதால், அவை அதே பிளாஸ்டிக்கின்மேல் முழுமையாகப் படர்கின்றன. நீர்வண்ணத்தில் ஒரு துளி சோப்புக் கரைசல் கலக்கும் பழக்கமும் இக்கணக்கைச் சார்ந்ததே: சோப்பு மூலக்கூறுகள் நீரின் மேற்பரப்பில் குடியேறி அதன் இழுவிசையைக் குறைத்துப் படர வைக்கின்றன. வார்ப்பச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசப்படும் எண்ணெய்ப்பசை உறுப்புகளின்மேல் சிறிது எஞ்சியிருந்தால், எந்தத் திறமையும் பயன்தராமல் வண்ணம் திட்டுத்திட்டாக விலகும். ஆகவே பாத்திரம் கழுவும் சோப்பினால் உறுப்புகளை முதலில் கழுவி உலர்த்துவது தூய்மைக்கான சடங்காகத் தோன்றினாலும், உண்மையில் அது சேர்கோணத்தைத் திருத்தும் செயல்.

இனிப் பள்ளக் கோட்டுக்கு வரலாம். கவசத் தகடுகளுக்கிடையே வார்க்கப்பட்ட கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால், அதற்குள் தூரிகை முனையை வழுவாமல் இழுத்துச் செல்வது மனிதக் கையால் நெடுநேரம் இயலாது. நலமான கையிலும் நொடிக்கு 8 முதல் 12 முறை நிகழும் இயல்பான நடுக்கம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிது என்றாலும் இத்தகைய கோட்டின் அகலத்தோடு ஒப்பிடும்போது புறக்கணிக்கத் தக்கதன்று. மாதிரிக் கலைஞர்கள் ஆகவே கோட்டை வரைவதில்லை. கரும்பழுப்பு அல்லது சாம்பல் நிற எனாமலைத் தண்ணீர்போல நீர்க்கச் செய்து, தூரிகையின் நுனியால் பள்ளத்தின் ஒரு முனையைத் தொட்டுவிட்டு எடுத்துவிடுகிறார்கள். வண்ணம் பள்ளத்தின் வழியே தானாக ஓடி, வளைவுகளில் திரும்பி, செங்குத்தான தகட்டிலும் ஏறி, கோட்டின் மறுமுனைவரை செல்கிறது. 0.2 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு தகடுகளுக்கிடையே டர்பன்டைன் ஏறக்கூடிய உயரம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் என்று கணக்கிடலாம். மேற்புறம் திறந்த பள்ளத்தில் இது குறைவாக இருக்கும் என்றாலும், ஒரு சாண் உயரமில்லாத உருவத்தின் தகடு ஒன்றைக் கடப்பதற்கு அது போதும். மெல்லிய குழாய்களிலும் இடுக்குகளிலும் நீர்மம் எடையை எதிர்த்து ஏறும் இப்பண்பை நுண்புழை ஏற்றம் என்று பள்ளிப் பாடநூல்கள் கூறும்.

பள்ளத்தின் வடிவமும் இதில் பேசுகிறது. மூலை ஒன்றில் நீர்மம் தங்காமல் ஓடிக்கொண்டே இருப்பதற்கான நிபந்தனையைப் பால் கான்கஸ், ராபர்ட் ஃபின் என்னும் இருவர் 1969இல் கணித முறையில் நிறுவினர்: மூலைக் கோணத்தின் பாதியையும் சேர்கோணத்தையும் கூட்டினால் 90 பாகைக்குக் குறைவாக வர வேண்டும். செங்கோண மூலை கொண்ட பள்ளத்துக்கு இது 45 பாகைக்குக் கீழான சேர்கோணத்தைக் கோருகிறது. டர்பன்டைனில் கரைத்த எனாமல் அந்நிபந்தனையை எளிதில் நிறைவேற்றுகிறது, சோப்பில்லாத நீர்வண்ணம் நிறைவேற்றுவதில்லை. வார்ப்பச்சு தேய்ந்து மூலைகள் மழுங்கிய பழைய கிட்டுகளில் வண்ணம் பாதிவழியில் நின்றுவிடுவதற்கும் காரணம் இதுவே. அனுபவசாலிகள் முதலில் கூரிய ஊசியால் பள்ளத்தை மீண்டும் கீறி ஆழப்படுத்துகிறார்கள். அவர்கள் கூர்மையாக்குவது கோட்டின் தோற்றத்தை மட்டுமன்று, அதன் அடியிலுள்ள மூலையையும்தான். ஓடும் வேகத்துக்கும் ஒரு விதி உண்டு. 1921இல் எட்வர்ட் வாஷ்பர்ன் காட்டியபடி, நுண்புழையில் நீர்மம் கடக்கும் தொலைவு காலத்தின் இருபடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது, அதாவது இருமடங்கு தொலைவுக்கு நான்கு மடங்கு நேரம் ஆகிறது. இடையில் கரைப்பான் ஆவியாகி வண்ணம் கெட்டிப்படுவதால் நீண்ட கோடு ஒன்றை ஒரே தொடுகையில் நிரப்ப முயல்வது வீண். வண்ணம் தளர்ந்து நிற்கும் இடத்திலிருந்து மீண்டும் தொட்டுத் தொடர்வதே முறை.

பள்ளத்தின் விளிம்பைத் தாண்டிக் கசிந்த வண்ணத்தை எப்படி நீக்குவது என்னும் கேள்வியில் வேதியியல் நுழைகிறது. ஒத்த இயல்புடையதையே கரைப்பான் கரைக்கும். லாக்கர் எனப்படும் பூச்சு அசிட்டோன் வகை வலிய கரைப்பான்களில் கரையும். உலர்ந்த லாக்கரை டர்பன்டைன் தீண்டுவதில்லை. எனாமலோ டர்பன்டைனில் கரைகிறது. எனவே அடியில் லாக்கர், அதன்மேல் பளபளப்பான ஒளிபுகு பூச்சு, அதற்கும் மேல் எனாமல் கோடு என்று அடுக்கினால், டர்பன்டைன் நனைத்த பஞ்சுக் குச்சியைப் பள்ளத்துக்குக் குறுக்காக இழுத்து மேலே கசிந்ததை மட்டும் துடைத்துவிட முடிகிறது. பள்ளத்துக்குள் இருப்பதைப் பஞ்சு எட்டுவதில்லை. நடுவே பளபளப்புப் பூச்சு எதற்கு என்பதற்கு 1936இல் வென்சல் கூறிய விளக்கம் பொருந்துகிறது: தன்னை நனைக்கும் நீர்மத்தைச் சொரசொரப்பான பரப்பு இன்னும் வேகமாகப் படரச் செய்யும், ஏனெனில் நுண்மேடுகளும் பள்ளங்களும் தொடும் பரப்பளவைக் கூட்டுகின்றன. மங்கலான பூச்சின்மேல் இட்ட எனாமல் ஆயிரம் நுண்பள்ளங்களில் புகுந்து கறையாகத் தங்கிவிடும். வழுவழுப்பான பூச்சின்மேல் அது கலைஞர் வெட்டிய ஒரே பள்ளத்தையே தேடும்.

இதே கரைப்பான்தான் பிளாஸ்டிக்கின் பகையும் ஆகிறது. உருக்கிய பாலிஸ்டைரீன் உயர் அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தப்பட்டு விரைந்து குளிர்விக்கப்படும்போது, அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் தளர்ந்து அடங்குவதற்குள் உறைந்துவிடுகின்றன. அந்த இறுக்கம் உள் தகைவாக உறுப்புக்குள்ளேயே தங்குகிறது. பொருத்துமுளையைத் துளைக்குள் அழுத்திச் செருகும்போது இன்னொரு தகைவு சேர்கிறது. டர்பன்டைனும் லைட்டர் பெட்ரோலும் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றின் பிடியைத் தளர்த்தினால், தாமாகவே பிளாஸ்டிக்கைக் கரைக்கும் வலிமை இல்லாதபோதும் தகைவு மிகுந்த இடத்தில் விரிசல் தோன்றி, மூட்டு சில நிமிடங்களில் ஒடிந்துவிடக்கூடும். சூழல்தகைவு விரிசல் என்று பொறியியல் கூறும் இந்நிகழ்வு தொழிற்சாலைக் குழாய்களையும் தலைக்கவசங்களையும் தாக்குவதால் நன்கு ஆராயப்பட்டது. ஆகவே உறுப்புகளைப் பொருத்துவதற்கு முன்பே கோடிடுவதும், பூச்சில்லாத பிளாஸ்டிக்கின்மேல் எனாமலைப் பாய்ச்சாதிருப்பதும், முழங்கால், தோள் மூட்டுகளை அறவே தவிர்ப்பதும் அழகியல் விருப்பங்கள் அல்ல. அவற்றைப் பொருட்படுத்தாதவர் பல மாலைப்பொழுதுகளின் உழைப்பை ஒரு துளியில் இழக்க நேரிடும்.

விழுப்புரம் வட்டாரத்தின் பொம்மைப் பட்டறைகளில் சிக்கல் நேர்மாறானது. காகிதக்கூழோடு கிழங்கு மாவும் கல்மாவும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் ஒற்றியெடுத்து வெயிலில் உலர்த்திய விநாயகர் உருவத்தில், எண்ணற்ற நார்களுக்கிடையே எண்ணற்ற நுண்புழைகள் உள்ளன. தூரிகை தொட்ட கணத்தில் அவை நீரை இழுத்துக்கொள்கின்றன. நிறமி மேலே தங்கிவிடுகிறது அல்லது நார்களின் வழியே சிதறி, கோட்டின் விளிம்பு பஞ்சுபோலப் பிரிகிறது. வாஷ்பர்னின் விதி ரோபோவின் பள்ளத்தில் கலைஞருக்கு ஊழியம் செய்கிறது, இங்கே அதே விதி அவருடைய கோட்டைக் கலைக்கிறது. இதற்குப் பொம்மைக் கைவினை கண்டுள்ள தீர்வு அடித்தளப் பூச்சு. சாக்குப் பொடியையோ சுண்ணாம்புப் பொடியையோ பசையோடு குழைத்துப் பூசி, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் பூசித் தேய்ப்பதால் பெரிய புழைகள் அடைபட்டு, எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் சிறிதே உறிஞ்சும் பரப்பு கிடைக்கிறது. தஞ்சாவூர் ஓவியப் பலகையிலும் தலையாட்டிப் பொம்மையிலும் அடித்தளம் இதே நோக்கத்தோடு இடப்படுகிறது. சுவரோவியர் இன்னும் துணிச்சலான வழியைக் கையாண்டார்: நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக மாறும்போது நிறமித் துகள்களையும் படிகங்களோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறது. 1930களில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர்கால ஓவியங்களை ஆராய்ந்து, அவை ஈரச் சுண்ணப் பூச்சின்மீது தீட்டப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தார். இந்தியக் கலை வரலாற்றில் வேதியியல் கூடம் சான்று கூறிய முன்னோடி நிகழ்வுகளில் அது ஒன்று. அவர் பெயர் தமிழ் வாசகரிடையே இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது.

சாக்குப் பொடி தொடர்பாகப் பொம்மை வேலையில் ஒரு வியப்பு உண்டு. உலர்ந்த அடித்தளம் பால்வெள்ளையாக இருக்கிறது. அதன்மேல் நேரடியாக வார்னிஷ் பூசினால் வெண்மை மங்கிக் கருக்கிறது. ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் இதை விளக்குகிறது. காற்றின் எண் 1, சாக்கின் எண் ஏறக்குறைய 1.6, இரண்டும் கலந்த தூளில் ஒளி ஒவ்வொரு எல்லையிலும் சிதறித் திரும்புவதால் வெண்மை தோன்றுகிறது. வார்னிஷின் எண் 1.5, அது காற்றை வெளியேற்றி அவ்விடத்தை நிரப்பியதும் எல்லையில் வேறுபாடு ஏறத்தாழ இல்லாமல் போய், ஒளி உள்ளே ஊடுருவிப் பழுப்பான கூழைக் காட்டிக்கொடுக்கிறது. டைட்டானியம் டைஆக்சைடு என்னும் வெள்ளை நிறமியின் எண் 2.7, அது எந்தப் பிசினுக்குள்ளும் வெண்மையாகவே இருக்கிறது. ரோபோவின் கண்ணைத் தீட்டும்போது இவ்வறிவு நேரடியாகப் பயன்படுகிறது. கண்ணைச் சுற்றிக் கருப்பும் நடுவில் மஞ்சளும் வர வேண்டும். மஞ்சள் நிறமிகள் பலவற்றுக்கும் மறைக்கும் ஆற்றல் குறைவாதலால், கருப்பின்மேல் மஞ்சளை நேராக இட்டால் சேற்றுப்பச்சை தோன்றும். இடையில் வெள்ளை அடுக்கு ஒன்றை மெல்லியதாக இட்டுவிட்டால், மேலிருந்து வரும் ஒளியை அது திருப்பியனுப்பி மஞ்சளை ஒளிரச் செய்கிறது.

பொம்மைகளில் கண் கடைசியாகத் தீட்டப்படுகிறது. கண் திறத்தல் என்று அதற்குப் பெயர். அவ்வேளையில் தூரிகையின் நுனியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஈரமான முடிகள் ஒன்றுசேர்ந்து கூர்முனையாவதற்கு ஈரமே காரணம் என்று நினைப்பது இயல்பு, சி. வி. பாய்ஸ் சோப்புக் குமிழிகளைப் பற்றி 1890 வாக்கில் வெளியிட்ட நூலில் அந்த எண்ணத்தை ஓர் எளிய சோதனையால் தகர்த்தார். தூரிகையை நீருக்குள் அமிழ்த்திப் பார்த்தால் முடிகள் விரிந்தே நிற்கின்றன. வெளியே எடுத்ததும்தான் ஒட்டிக்கொள்கின்றன. முடிகளைச் சேர்ப்பது நீரின் விளிம்பிலுள்ள மேற்பரப்பு, ஆகவே அதன் இழுவிசை. நல்ல தூரிகையில் நடுப்பகுதி பருத்து முனை இயற்கையாகவே மெலிந்த முடிகள் வைக்கப்படுவதால், பருத்த வயிறு வண்ணத்தைத் தேக்கிவைத்து, முனைக்குச் சிறிதுசிறிதாக அனுப்புகிறது. மிகச் சிறிய வேலைக்கு மிகச் சிறிய தூரிகை வேண்டும் என்ற எண்ணம் புதியவர்களைத் தவறான வழியில் செலுத்துகிறது: நான்கைந்து முடி கொண்ட தூரிகையில் தேக்கம் இல்லாததால் பரப்பைத் தொடுவதற்குள் வண்ணம் உலர்ந்துவிடுகிறது. கூர்முனை கொண்ட நடுத்தரத் தூரிகையே கண்ணுக்கும் உரியது. இந்தியாவில் நெடுங்காலம் மதிக்கப்பட்ட கீரிமுடித் தூரிகை, கீரியைக் காக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. இன்றைய செயற்கை இழைகள் அதன் இடத்தைப் போதுமான அளவுக்கு நிரப்பிவிட்டன.

முனையைக் கூராக்க உதடுகளுக்கிடையே தூரிகையை இழுக்கும் பழக்கம் உலகெங்கும் இருந்தது. அதன் மிகக் கொடிய விளைவை அமெரிக்காவில் கடிகார முகப்பு எண்களுக்கு ரேடியம் கலந்த ஒளிரும் வண்ணத்தைத் தீட்டிய இளம்பெண்கள் அனுபவித்தனர். 1917 முதல் 1920கள்வரை நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை தூரிகையை உதட்டில் வைத்தவர்களின் எலும்புகளில் ரேடியம் படிந்து, தாடை சிதைந்து பலர் மாண்டனர். அவர்கள் தொடுத்த வழக்குகள் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றில் நிலைபெற்றன. ரேடியம் மறைந்தாலும் ஈயம் மறைய நெடுங்காலம் பிடித்தது. இந்தியாவில் வீட்டு, அலங்கார வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்று 2016இல் விதி வகுக்கப்பட்டது. பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் பழைய டப்பாக்களில் ஈயச் சேர்மங்களால் ஆனவையாக இருக்கக்கூடும் என்பதால், குழந்தைகள் கையாளும் பொம்மைக்கு அவற்றைப் பயன்படுத்துவது எந்தச் சிக்கனத்தாலும் நியாயப்படாது.

வைத்த புள்ளி உலரும்போதும் வேலை முடிவதில்லை. துளியின் விளிம்பில் ஆவியாதல் விரைவாக நிகழ்வதால் நடுவிலிருந்து நீர்மம் விளிம்பை நோக்கி ஓடி, நிறமியையும் அடித்துச் செல்கிறது. உலர்ந்தபின் நடுவில் வெளிறி ஓரத்தில் கருத்த வளையம் எஞ்சுகிறது. காப்பிக் கறையில் காணும் இவ்வளையத்தின் காரணத்தைச் சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 1997இல் விளக்கினர். பசையைச் சற்றுக் கூட்டி வண்ணத்தின் பாகுநிலையை, அதாவது ஓடுவதற்குக் காட்டும் தயக்கத்தை, உயர்த்தினால் அந்த ஓட்டம் தடைபடுகிறது. பள்ளத்துக்கு நீர்த்த வண்ணமும் பொட்டுக்குக் கெட்டியான வண்ணமும் வேண்டும் என்ற பட்டறை விதி இரு வேறு ஓட்டங்களைக் கணக்கில் கொண்டது: முன்னதில் ஓட்டம் வேண்டும், பின்னதில் அது கூடாது.

கோட்டின் நிறத்தைத் தேர்வதில் பார்ப்பவரின் கண்ணும் பங்கு கொள்கிறது. நல்ல பார்வையுள்ள கண் அருகருகே உள்ள இரு கோடுகளைப் பிரித்தறிய அவற்றின் இடைவெளி ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணமாவது இருக்க வேண்டும்; 30 சென்டிமீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர். தனித்து நிற்கும் ஒரே கோட்டின் நிலை வேறு. அது இவ்வரம்பைவிடப் பன்மடங்கு மெலிந்திருந்தாலும், பின்னணியோடு போதிய நிறவேறுபாடு இருக்கும்வரை தெரிந்துகொண்டிருக்கும். ஏனெனில் விழித்திரையில் அதன் உருவம் எப்படியும் மங்கிப் பரவுகிறது; மூளைக்கு எட்டுவது கோட்டின் அகலமும் கருமையும் சேர்ந்த ஒரு மொத்தம். அகலத்தைக் குறைக்க முடியாத இடத்தில் கருமையைக் குறைத்தால், கோடு மெலிந்ததாகவே தோன்றும் என்பது இதன் பயன்மிக்க விளைவு. 1/144 மாதிரியில் 0.2 மில்லிமீட்டர் பள்ளம், 18 மீட்டர் உருவத்தில் ஏறக்குறைய 29 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சமம். இரண்டு விரல் நுழையும் பிளவுடன் எந்தப் பொறியாளரும் கவசம் பூட்டமாட்டார். வெள்ளைத் தகட்டில் முழுக்கருப்பைப் பாய்ச்சியதும் பொம்மைத்தனம் தோன்றுவதும், வெளிர்சாம்பலைப் பாய்ச்சியதும் பேருருவத்தின் எடை தோன்றுவதும் இதனால்தான். சிவப்புத் தகட்டுக்கும் மஞ்சள் தகட்டுக்கும் பழுப்பு, நீலத்துக்குக் கருஞ்சாம்பல் என்ற வழக்கமும் இதன் நீட்சியே. கொலுப்படியில் இரண்டு மூன்று மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கப்படும் பொம்மைக்கு நேர்மாறான தேவை உண்டு. அங்கே அகலமும் கருமையும் இரண்டுமே கூட்டப்பட்டு, மையிட்ட விழி அளவுக்கு மீறி எழுதப்படுகிறது. அதைப் பக்குவமின்மை என்று கருதுபவர் பார்வைத் தொலைவைக் கணக்கில் சேர்க்க மறந்தவர்.

எல்லா நுண்வேலையும் முடிந்தபின் மேலே இடும் மங்கல் பூச்சுக்கு இவ்வட்டாரத்தின் பருவமே பெரிய சோதனை. நவராத்திரியை ஒட்டிய வாரங்களிலும் அதைத் தொடரும் வடகிழக்குப் பருவமழையிலும் காற்றின் ஈரப்பதம் உயர்கிறது. தெளிப்பானிலிருந்து வரும் லாக்கரின் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வெப்பநிலை 28 பாகை செல்சியஸும் ஈரப்பதம் 85 விழுக்காடும் இருந்தால், பரப்பு மூன்று பாகை குளிர்ந்தாலே பனிநிலையை எட்டி, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் துளிர்த்துவிடுகிறது. அந்நீர் பிசினை உரிய ஒழுங்கில் படியவிடாமல் நுண்குழிகளை உண்டாக்குகிறது. குழிகளில் காற்று நிற்க, சாக்குப் பொடியில் நிகழ்ந்த அதே ஒளிச்சிதறல் இங்கேயும் நிகழ்ந்து, கருப்பும் சிவப்பும் வெண்படலத்தால் மூடப்படுகின்றன. அப்படலத்தைத் தேய்த்து நீக்க முயல்வது கோடுகளையும் சேர்த்து அழிக்கும். காற்று உலர்ந்த ஒரு நண்பகலில், மெதுவாக ஆவியாகும் கரைப்பான் கலந்த அதே பூச்சை மெல்லிய புகைபோல மீண்டும் தெளித்தால், படலம் இளகி, குழிகள் மூடி, அடியிலுள்ள நிறம் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. காகிதக்கூழ் உருவத்துக்கு இந்த மீட்பு கிடையாது. கூழ் முழுதாக உலருமுன் வண்ணமும் வார்னிஷும் ஏற்றப்பட்டால் உள்ளே சிறைப்பட்ட ஈரம் வெளியேற வழி தேடி, பூச்சைக் கொப்புளமாக உயர்த்திப் பெயர்க்கிறது. எனவே அடைமழைக்கு முந்தைய வெயில் நாள்களில் எத்தனை உருவங்களை முற்றாகக் காயவைக்க முடிகிறதோ, அத்தனை உருவங்களுக்கே நம்பிக்கையோடு கண் திறக்க முடிகிறது.